தாமதமாக வந்த கால்

டிரம்ஸ்காரர் இறந்ததிலிருந்து எல்லோரும் அவரைப் பற்றி ஒரே மாதிரிதான் பேசினார்கள். கை கடைசிவரை இடிதான். கால்தான் பாவம், பின்தங்கிவிட்டது. வானொலியில் சொன்னார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். சவப்பெட்டியைத் தோளில் வாங்கியவர்களில் ஒருவர்கூட மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்து ஆளிடம் அதையே சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் முட்டு தன் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான்.

முட்டு என்பது டிரம்ஸ்காரரின் ராக் குழு அவனுக்கு வைத்த பெயர். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் ஒவ்வோர் அடிக்கும் ஒரு மயிரிழை முன்னால் நகரும். மற்ற குழுக்களில் எதிரே ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தால் தீர்ந்தது. இவர் மிதித்த மிதிக்கு ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒரு நிகழ்ச்சியில் டிரம் நகர்ந்து நகர்ந்து போய்ப் பாடகரின் குதிகாலை இடித்தது. பாடகர் அதை ரசிகையின் கை என்று நினைத்துத் திரும்பாமலே ஒரு முத்தத்தைப் பின்னால் பறக்கவிட்டார். மறுநாள் முதல், சாமான் ஏற்றி இறக்க வந்தவனை டிரம்முக்கு முன்னால் தரையில் உட்காரவைத்து, முதுகை அதன்மேல் கொடுக்கச் சொன்னார்கள். அப்படியே அவனுக்கு வயதாகிவிட்டது. அந்தப் பாட்டுகளையெல்லாம் ஊர் உலகம் காதால் கேட்டது. அவன் முதுகெலும்பால் கேட்டான். அவர் எப்போது கோபமாக இருக்கிறார், எப்போது வீட்டில் சண்டை, எப்போது சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்பதெல்லாம் முதல் நாலு அடியிலேயே முதுகுக்குத் தெரிந்துவிடும்.

குச்சியைத் தலைகீழாகப் பிடித்துத் தடித்த முனையால் அடிப்பது அவர் வழக்கம். மெதுவான பாட்டில்கூட ஒவ்வோர் அடியும் ஆணியடித்ததுபோல் அதன் இடத்தில் போய் உட்காரும். கால் மட்டும் வெறுங்காலாக இருக்க வேண்டும் அவருக்கு. "ஷூ போட்டுக்கிட்டு மிதிக்கறது, கையுறை மாட்டிக்கிட்டுச் சாப்பிடற மாதிரிடா" என்பார்.

அந்த வெறுங்கால்தான் அவரைக் கொன்றது என்று முட்டு நினைத்தான். சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகும் குச்சிப் பையில் பிஸ்கட் பொட்டலம் இருக்கும். பெடலின் இரும்பு விளிம்பு பெருவிரலைக் கிழித்தது அவருக்குத் தெரியவே இல்லை. நிகழ்ச்சி முடிந்து பெடலைத் துடைத்தபோது துணியில் ஒட்டிய ரத்தத்தை முட்டுதான் முதலில் பார்த்தான்.

"அண்ணே, விரல் கிழிஞ்சிருக்கு."

"வலிக்கலையேடா."

வலிக்காததுதான் ஆபத்து என்று டாக்டர் சொல்வதற்குள் விரல் கறுத்துவிட்டது. முதலில் விரல் போனது. பிறகு பாதம். பிறகு முட்டிக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று.

செயற்கைக் கால் பொருத்தினார்கள். அது நடக்கப் பழகியது, மிதிக்கப் பழகவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் டிரம்ஸைப் போட்டு அவர் முயன்று பார்த்தார். கால் பெடலிலிருந்து வழுக்கும். அல்லது மிதித்தது மிதித்தபடி நின்றுவிடும். ஒரு நாள் குச்சிகளைச் சுவரில் வீசியடித்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி, கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். முட்டுவுக்கு அவள் அண்ணி.

"இத்தனை வருஷம் முதுகைக் கொடுத்தான்ல" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "கையைக் கொடுக்கட்டுமே."

அப்படித்தான் அது தொடங்கியது. இரண்டு பெடல்களைக் கம்பியால் இணைத்து ஒரே டிரம்மை அடிக்கும் கருவி கடைகளில் கிடைக்கும். செயற்கைக் கால் அடிக்கும் சுத்தியைக் கழற்றிவிட்ட ஒரு பெடல்மேல் சும்மா இருக்கும். மற்றது பக்கவாட்டில், தரையில். டிரம்ஸ் மேடையைச் சுற்றி அண்ணி கறுப்புத் துணியில் பாவாடை மாதிரி ஒரு மறைப்புத் தைத்துக் கொடுத்தாள். அதற்குள் முட்டு ஒருக்களித்துப் படுத்து, உள்ளங்கையால் பெடலை அமுக்குவான். கண் முழுவதும் அவர் தொடைமேல் இருக்கும். வெட்டுப்பட்ட அந்தத் தொடை ஒவ்வோர் அடிக்கும் துள்ளியது. இல்லாத காலை அது மிதித்துக்கொண்டே இருந்தது. அது துள்ளியதும் முட்டு அமுக்குவான்.

பார்த்து அமுக்குவதற்குள் ஓர் இம்மி கடந்துவிடும். அந்த இம்மியைத்தான் உலகம் கால் பின்தங்கிவிட்டது என்றது.

பாடகர் முன்னால் நிற்பவர். வாழ்நாளில் பின்னால் திரும்பிப் பார்த்தவரில்லை. அவருக்குத் தெரியாது. குழுவில் மூன்றாமவர் பேஸ் கிடார்காரர், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டது போல் இருப்பவர். அவருக்குத் தெரியுமா என்று முட்டு கேட்டதில்லை.

டிரம்ஸ்காரர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வானொலியில் யாரோ கடைசிக் கச்சேரியைப் பற்றிப் பேசினார்கள். கை இடி, கால் ஓய்ந்துவிட்டது. அவர் வானொலியை அணைக்கச் சொன்னார்.

"நானாடா லேட்டு?"

"இல்லண்ணே. என் கைதான். உங்க தொடையைப் பாத்துட்டு அமுக்கறேன். அதுக்குள்ள தாண்டிப் போயிடுது."

"அப்ப பாக்காம அமுக்கு."

"பாக்காம எப்படிண்ணே?"

"இத்தனை வருஷம் என்னைப் பாத்தா முட்டுக் கொடுத்த? எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தானே உக்காந்திருந்த." அவர் சிரித்தார், இருமினார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை நொண்டின்னு சொல்லட்டும், பரவால்ல. பொம்மலாட்டம்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நான் போனதுக்கு அப்புறமும்."

அடுத்த கச்சேரியில் பார்க்காமல் அமுக்க வேண்டும் என்று முட்டு வீட்டுத் தரையில் படுத்துப் பழகிக்கொண்டிருந்தான். அடுத்த கச்சேரி வரவில்லை. மற்றக் காலிலும் விஷம் ஏறி, அவர் போய்விட்டார்.

இப்போது அந்தக் கடைசிக் கச்சேரியை நினைவு இசைத்தட்டாக வெளியிடப் போவதாகப் பாடகர் அறிவித்திருந்தார். வானொலிப் பேச்சு காற்றோடு போய்விடும். தட்டு அப்படிப் போகாது. அவன் கையின் பிசகு அவர் பெயரில் நின்றுவிடும். உண்மையைச் சொன்னால் பொம்மலாட்டம். சொல்லாவிட்டால் இது. ஒரே ஒரு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் அடிகளை இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தான். யாரும் கூப்பிடாமலே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனான்.

கூடம் ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே எந்திரம் ஓடும்போதெல்லாம் தேநீர்க் கோப்பைகள் நடுங்கின. ஒலிப்பொறியாளர் ஒரு இளம்பெண். நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடகரும் பேஸ்காரரும் பின்னாலிருந்த சோபாவில்.

"வாய்யா முட்டு, உக்காரு" என்றார் பாடகர். "சாயாதே, சோபா நகராது."

முட்டு உட்காரவில்லை. சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகக் கேட்டுவிட்டான். "அந்தக் கால் அடியைக் கொஞ்சம் முன்னால நகர்த்த முடியுமாம்மா?"

"முடியும் அங்கிள். ஒண்ணொண்ணா இழுத்து வைக்கணும், அவ்வளவுதான்."

"நகர்த்தறதா?" பாடகர் நிமிர்ந்தார். "அதுதானய்யா இந்த ரெக்கார்டுக்கு உயிரே. ஒரு மனுஷன் கட்டைக்காலோட போராடுறான். கேக்கறவன் அழுவான்."

"அழவைக்கவா வாசிச்சாரு?" என்றார் பேஸ்காரர்.

"நீ வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறப்ப. அதையும் என் வாயை அடைக்கத்தான் திறப்பியா?"

"ஒரு பாட்டுல செஞ்சு பாக்கலாமே" என்று அந்தப் பெண் இடையில் புகுந்தாள். "பிடிக்கலைன்னா பழையபடி விட்டுடலாம்."

திரையில் ஒவ்வோர் அடியும் ஒரு சின்னக் குன்றுபோலத் தெரிந்தது. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து ஓர் இம்மி இடப்பக்கம் தள்ளினாள். கீழே அச்சு எந்திரம் நின்று, மறுபடி ஓடி, மறுபடி நின்றது. பாடகர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். பிறகு அவள் டிரம்ஸை மட்டும் ஓடவிட்டாள்.

முட்டுவின் முதுகு சிலிர்த்தது. அவர்தான். வெறுங்காலோடு, பிஸ்கட் தின்ற வாயோடு, மேடை ஆணியைப் பிடுங்கிய அதே ஆள். அவன் தன்னையறியாமல் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். கண் எரிந்தது.

"இப்ப மத்ததெல்லாம் சேர்க்கறேன்" என்றாள் அவள்.

பேஸ் கிடார் உள்ளே வந்தது. வந்தவுடன் எல்லாம் கெட்டது. காலடி முன்னால் போக, பேஸ் ஒவ்வொரு முறையும் காலைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது.

"என்னய்யா இது, நொண்டியடிக்குது?" பாடகர் பேஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்குக் குடிச்சிருந்தியா?"

பேஸ்காரர் எழுந்து வெளியே போனார். முட்டு பின்னாலேயே போனான். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"கைக்கெட்டற தூரத்துல நின்னுக்கிட்டு தெரியாம இருக்குமா? துணிக்கு வெளிய உன் முழங்கால் நீட்டிக்கிட்டு இருக்கும். எத்தனை தடவை மிதிக்கப் போனேன்." அவர் முகத்தைக் கழுவினார். "உன் அடி கொஞ்சம் பிந்தி வருது. நான் சரியா வாசிச்சா நீ தனியா மாட்டிக்குவ. அதான் நானும் கொஞ்சம் பொறுத்து வாசிச்சேன். வந்து சேரட்டும்னு."

அவன் ஒருவனே தாங்கிக்கொண்டிருந்ததாக நினைத்த பாரத்தின் மறுமுனையை இன்னொருவர் சத்தமில்லாமல் பிடித்திருந்திருக்கிறார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க. அவரும் நின்னிருப்பாரு." கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "நகர்த்தட்டும். என்னைக் குடிகாரன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு உயிர் இருக்கு, பதில் சொல்லிக்குவேன். அவரால முடியாதுல்ல."

அவர்கள் திரும்பி வந்தபோது பாடகரும் அந்தப் பெண்ணும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

"பேஸையும் முன்னால இழுத்துடு" என்றார் பாடகர்.

"இழுத்துப் பாத்துட்டேன் சார். அப்புறம் நீங்க பின்னாடி நிக்கறீங்க. உங்க பாட்டு பேஸைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகுது."

"நானா? நான் பின்னாடியா?"

அவள் போட்டுக் காட்டினாள். பாடகர் தன் குரல் தாளத்துக்குப் பின்னால் ஓடிவருவதைக் கேட்டார். முகம் இருண்டது.

"பழையபடியே விட்டுடு" என்றார். "செத்துப்போனவர் வாசிச்சதுல கை வைக்கறது பாவம்."

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். குன்றுகள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தன. முட்டு பார்த்துக்கொண்டே நின்றான். பேஸ்காரர் தருவதாகச் சொன்ன பலியை வாங்கிக்கொள்ளும் வேலைகூட அவனுக்கு மிச்சமில்லை. அவன் கையைச் சுற்றி அத்தனை பேரும் வளைந்திருந்தார்கள். அந்தக் கையை மட்டும் தனியே பிடுங்கி எடுக்க முடியாது.

"அப்ப சத்தங்களை மட்டும் சுத்தம் பண்ணிடறேன்" என்றாள் அவள். "கால் டிரம் மைக்ல ஏதோ கிறீச்சுன்னு ஒரு சத்தம் விடாம வருது. கேளுங்க."

மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அந்த மைக்கை மட்டும் திறந்தாள். கிறீச், தொம். கிறீச், தொம். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் துருப்பிடித்த ஒரு சின்ன முனகல்.

"அது அவரோட ஸ்டூல்" என்றார் பேஸ்காரர். "எண்ணெயே பாக்காத ஸ்டூல்."

அந்தப் பெண் திரையை நெருங்கிப் பார்த்தாள். தாளக் கோடுகளைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். சிரித்தாள். "வேடிக்கையா இருக்கு. இந்தக் கிறீச் அத்தனையும் கோட்டு மேலயே விழுது. ஸ்டூலுக்கு இருக்கற தாளம் காலுக்கு இல்ல."

முட்டு கேட்டுக்கொண்டே நின்றான். முதலில் அவள் சொன்னது சுட்டது. பிறகுதான் புரிந்தது. தொடை துள்ளும்போதெல்லாம் அவர் பாரம் மாறும். பாரம் மாறும்போதெல்லாம் ஸ்டூல் முனகும். அந்த முனகல்தான் அவருடைய கால். அது ஒரு முறைகூடப் பிந்தவில்லை. பிந்தி வந்தது அதற்கடுத்த தொம் மட்டும்.

"அதை எடுக்காதீங்கம்மா."

"அங்கிள், அது வெறும் இரைச்சல்."

"இருக்கட்டும்."

"ஏன்?" என்றார் பாடகர்.

முட்டு மென்று விழுங்கினான். சொல்வதற்கு வார்த்தை நுனிநாக்கில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிடித்த கை ஞாபகத்துக்கு வந்தது. "சும்மாதான்" என்றான். "அவர் உக்காந்த ஸ்டூல்."

"நட்டு கழண்ட ஸ்டூலுக்கு நினைவுத்தட்டா?" பாடகர் பேஸ்காரரைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் பேஸ்காரர்.

மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முட்டுவின் வலது உள்ளங்கை மேசை விளிம்பை அமுக்கிக்கொண்டிருப்பதை அவன் கவனிக்கவில்லை. அந்தப் பெண் கவனித்தாள். கிறீச் என்றதும் கை அமுங்கியது. கை அமுங்கிய நொடியில் தொம் கேட்டது. அவள் கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். பிறகு மௌஸிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"எடுக்கல அங்கிள்" என்றாள் மெதுவாக.

நினைவுக்கூட்டம் ஒரு பழைய அரங்கில் நடந்தது. வாசலில் அவருடைய டிரம்ஸைக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் செயற்கைக் கால். பாடகர் கேட்டபோது அண்ணி மறுக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று கொடுத்துவிட்டாள். ஜனங்கள் வரிசையில் வந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மேடையில் ஒரு முறைகூட எதையும் மிதிக்காத கால் அது.

பாடகர் மேடையில் உருகி உருகிப் பேசினார். "கால் அவரைக் கைவிட்டது, அவர் தாளத்தைக் கைவிடவில்லை" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு விளக்கைக் குறைத்து, தட்டை ஓடவிட்டார்கள்.

முட்டு அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பெரிய ஒலிபெருக்கிகள், சுவரில் மோதித் திரும்பும் சத்தம், தொம் மட்டும் நெஞ்சில் வந்து இடித்தது. அதற்கு முன்னால் இருக்க வேண்டியது அவனுக்குக் கேட்கவில்லை. அத்தனை வருஷம் டிரம்முக்கு நெருக்கமாக இருந்ததில் அவன் காதில் கூர்மையான சத்தங்கள் எப்போதோ போய்விட்டிருந்தன. கூடத்தில் கேட்டது அந்த மைக் தனியாக இருந்ததால்தான். அவன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

அண்ணி அவன் பக்கம் சாய்ந்தாள். "அந்தப் பாழாப்போன ஸ்டூல் சத்தத்தையும் சேர்த்தா பிடிச்சிருக்காங்க?"

"கேக்குதா அண்ணி?"

"கேக்காம? கொட்டகையிலிருந்து என் தையல் எந்திரத்தைத் தாண்டிக் கேட்ட சத்தமாச்சே. எண்ணெய் விடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். காதுல வாங்கினாரா மனுஷன்?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். பாட்டு முடியும்வரை அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கூட்டத்துக்கு வரும்போது அதைக் கழற்றிவைக்க மறந்திருந்தாள்.

வெளியே வரும்போது கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நடுவயது ரசிகர் வழிமறித்தார். முட்டுவை எங்கேயோ படத்தில் பார்த்திருக்கிறார்.

"நீங்க டிரம்முக்கு முன்னால உக்காருவீங்கல்ல? பக்கத்துலயே இருந்தவர், நீங்க சொல்லுங்க. கடைசியில நிஜமாவே கால் வரலையா அவருக்கு?"

முட்டு வாயைத் திறந்தான். வலது கை பைக்குள் போகத் தேடியது. அண்ணி அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஆமாங்க" என்றாள் அவள். "கால் வரல."

ரசிகர் தலையை ஆட்டிக்கொண்டு ஒதுங்கினார். அவள் அந்தக் கையை விடாமல் அவனை வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள்.